ஆறாத வரை

நேற்று நீங்கள் தந்த தேநீரில் சர்க்கரை போதவில்லை. குறையாகச் சொல்லவில்லை, கேட்டீர்கள் என்பதால் சொன்னேன். எனக்கு இரண்டு கரண்டி வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பிழைப்பவள் இப்படி இனிப்புத் தின்னியாக இருப்பது எங்கள் அலுவலகத்தில் பெரிய வேடிக்கை. "அக்கா, கடைசியில உங்களுக்கே நாங்க கட்டுப் போடணும் போல" என்பார்கள். இன்று சர்க்கரையும் கரண்டியும் தனியாகவே கொண்டுவந்திருக்கிறீர்கள். நாற்காலியையும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இப்படி இருந்தால் குரலை உயர்த்தாமல் பேசலாம்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் என்றால் என் கைதான்.

எனக்குக் கைராசி என்பார்கள். மற்ற நர்ஸுகள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய புண் என் கைக்கு வந்தால் ஆற ஆரம்பித்துவிடும். ராசி ஒன்றும் கிடையாது, பொறுமைதான். புண் காயவும் கூடாது, ஊறவும் கூடாது. அப்படி வைத்திருந்தால் ஓரத்திலிருந்து புதுத் தோல் ஏறும். வெங்காயத்தின் உள்தோல் போல மெல்லிசாக, இளஞ்சிவப்பாக இருக்கும். அதைத் தொடக் கூடாது. கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் இந்த வேலையில் பாதி.

ஒரே ஒரு சங்கடம் உண்டு. நன்றாகச் செய்தால் வேலை நம்மை விட்டுப் போய்விடும்.

நான் ஓர் அறக்கட்டளையில் இருந்தேன். நடமாட முடியாதவர்கள், துணை இல்லாதவர்கள், இவர்களுடைய வீடுகளுக்கு நர்ஸுகளை அனுப்புவார்கள். முன்பெல்லாம் புண் ஆறின பிறகும் அவ்வப்போது போய்க் காலைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு வாய் தண்ணீர் குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம். பிறகு பணம் கொடுப்பவர்கள் மாறினார்கள். எத்தனை வீட்டுக்குப் போனீர்கள் என்பது வேண்டாம், எத்தனை பேர் தேறினார்கள் என்பதைக் காட்டுங்கள் என்றார்கள். நியாயமான பேச்சு. அந்தக் கூட்டத்தில் நானும்தான் கைதட்டினேன். அதன்படி புண் ஆறியவர்களுக்கு விடுவிப்பு என்று ஒன்று வந்தது. விடுவித்தவர் வீட்டுக்கு நர்ஸ் போகக் கூடாது. வாரம் ஒரு முறை அவருடைய தொலைபேசிக்கு ஓர் இயந்திரக் குரல் வரும். நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும் என்று சொல்லும்.

"நாம பழகப் பழக அவங்க நம்மள எதிர்பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க அக்கா. அது அவங்களுக்கு நல்லதில்ல" என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் விளக்கினாள். கெட்டிக்காரப் பெண். மனதில் கள்ளமில்லை. நாம் அவர்களை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது, ஆனால் கேட்கவில்லை.

என் வீட்டைப் பற்றி நேற்று கேட்டீர்கள். ஒரு அறை, ஒரு சமையல் மேடை, துணி காயப்போட ஒரு கம்பி. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு தங்கை பேச்சை நிறுத்திக்கொண்டாள், சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது, மெல்ல மெல்ல நின்றுபோனது. சனிக்கிழமை வேலை முடிந்து கதவைச் சாத்தினால் திங்கட்கிழமைதான் வாயைத் திறப்பேன். திங்கள் காலையில் முதல் வார்த்தை கரகரவென்று வரும். அதனால் பேருந்தில் ஏறும் முன்பு நானே எதையாவது சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒரு தடவை பக்கத்தில் நின்றவர் என்னிடமா பேசினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

பெரியம்மாவை முதலில் சொல்லிவிடுகிறேன். உறவில்லை, நோயாளிதான், நான் அப்படிக் கூப்பிடுவேன். குதிகாலில் புண். நெடுநாள் கட்டுப் போட்டேன், ஆறியது, விடுவித்தார்கள். கொஞ்ச நாள் கழித்து சீருடை இல்லாமல் சாதாரணப் புடவையில் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். முகம் மலர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"அடடே, நர்ஸா. இப்ப தேவலம்மா. எதுக்கு வெயில்ல வீணா அலையற?"

உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. இந்தப் பக்கமாக வந்தேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். வழியெல்லாம் அந்தச் சொல்லைத்தான் மென்றுகொண்டு வந்தேன். தேவலை என்றால் குணமாகிவிட்டது. தேவையில்லை என்றால் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இரண்டும் வேறு வேறு. வாசற்படியில் நின்று கேட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்தவர்தான் கண்டக்டர்.

ஆயுள் முழுக்கப் பேருந்தில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். மனைவி இல்லை. மகள் தூரத்து ஊரில். மாடியில் ஒற்றை அறை, ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். கட்டிலில் சாய்ந்துகொண்டே இந்தக் காலத்துக் கண்டக்டர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். முன்பல் நான்கும் இல்லாததால் பாதி எழுத்தை விழுங்கிவிடுவார், அவர் திட்டுவது கீழே யாருக்கும் புரியாது. வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். ஒரு ரூபாய்க் காசு அளவு. அந்தக் காலில் உணர்ச்சி கிடையாது. ஆணி குத்தினாலும் தெரியாது. அப்படி ஏதோ குத்தித்தான் புண்ணே வந்தது.

முதல் நாள் நான் கதவில் நின்றேன். அறையில் அவரைத் தவிர ஈ காக்கை இல்லை.

"உள்ள போங்க, உள்ள போங்க. படியில நிக்காதீங்க" என்றார். பிறகு என் பையைப் பார்த்தார். "டாக்டரா?"

"நர்ஸுங்க."

"அப்ப பாதி டாக்டர். பாதி டிக்கெட்டு போதும்."

சிரித்துவிட்டேன். என் சிரிப்பை நானே கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

கட்டுப் போட்டு முடித்ததும் கட்டில் சட்டத்தை இரண்டு தட்டுத் தட்டி, "ரைட், போலாம்" என்பார். அதுதான் எனக்கு விடை. அவர் ரைட் சொல்லாமல் நான் கிளம்பியதே இல்லை. நாளடைவில் அந்தத் தட்டலைத் தள்ளிப்போட எனக்கு வழிகள் தெரிந்தன. நகத்தை வெட்டிவிடுவேன். தலையணை உறையை மாற்றுவேன். அவரும் பேச்சை வளர்ப்பார். இன்று என்ன சமைத்தாய் என்று கேட்பார். ஒரு நாள் தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது, கதவைத் திறந்ததும், "அந்தத் தலைவலி விட்டுச்சாம்மா?" என்று கேட்டார். நினைவு வைத்திருந்தார். அன்று படியிறங்கும்போது அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கை அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. புண் சுருங்கியது. ஒவ்வொரு முறையும் அலுவலகத் தொலைபேசியில் படம் எடுக்க வேண்டும். புண்ணைச் சுற்றி அதுவே ஒரு கோடு போடும். சின்னதாகியிருந்தால் பச்சை, பெரிதாகியிருந்தால் சிவப்பு. அவருக்கு எப்போதும் பச்சை.

"சூப்பர் அக்கா. இன்னும் கொஞ்ச நாள்ல கண்டக்டர் ரிலீஸ். பணம் குடுக்கறவங்க வர்ற கூட்டத்துல அவரையே மேடையில ஏத்திடலாம்" என்றாள் ஒருங்கிணைப்பாளர்.

இதை அவரிடம் சொன்னேன். மேடை என்றதும் மீசையைத் தடவிக்கொண்டார். நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்.

"ஆறினா என்னம்மா? சும்மா வந்துட்டுப் போ. உனக்கெல்லாம் டிக்கெட் கேப்பனா?"

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். வாய் வார்த்தை. ரயிலில் பழகியவர்கள் இறங்கும்போது, வீட்டுக்குக் கண்டிப்பாக வாங்க என்பார்களே, அது மாதிரி. முகவரி தர மாட்டார்கள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அவர் மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்க வெளியே நின்றேன்.

"நர்ஸம்மா தேவல" என்றார். கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆமாடா கண்ணு. தேவல. இதப் பத்திப் பேசாத" என்றார்.

அவருக்குத்தான் பல் இல்லையே, தேவையில்லை என்பதும் அவர் வாயில் தேவல என்றுதான் வரும். நான் உள்ளே போனேன். கையைக் கழுவினேன். எப்போதும் போல உள்ள போங்க, உள்ள போங்க என்றார், நானும் எப்போதும் போலச் சிரித்தேன்.

அன்று புண்ணுக்கு ஈரத்துணி வைக்கவில்லை. காய்ந்த துணியை வைத்துக் கட்டினேன். சாதாரண விஷயம், பயிற்சிக்கு வரும் பெண்கள் தெரியாமல் செய்கிற தப்பு. காய்ந்த துணி புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதைப் பிரிக்கும்போது, ஏறிய புதுத் தோலும் கூடவே வரும். நனைத்து மெதுவாக எடுத்தால் வராது. நான் நனைக்கவில்லை.

அவருக்கு வலிக்கவில்லை. ஜன்னல் வழியாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வலி இல்லாத இடத்தில் துன்புறுத்தல் என்ற சொல் பொருந்துமா என்று தெரியவில்லை. நீங்கள் அந்தச் சொல்லைத்தான் எழுதியிருக்கிறீர்கள், தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிகிறது. பரவாயில்லை.

தொலைபேசி சிவப்புக் காட்டியது. ஒருங்கிணைப்பாளர் கேட்டாள், சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றேன். கைராசிக்காரியை யார் சந்தேகப்படுவார்கள்? இனி ஒன்றுவிட்டு ஒரு நாள் இல்லை, தினமும் போங்கள் என்றாள். அதை நான் கேட்கவில்லை. ஆறாத புண்ணுக்குத் தினமும் போக வேண்டும் என்பது விதி. கரும்பு தின்னக் கூலி கொடுத்தார்கள்.

கண்டக்டர்தான் என்னைத் தேற்றினார். "மூஞ்சிய ஏன் தொங்கப் போடற? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கத் தெரியாதா? மெதுவா ஆறட்டும், விடு."

அந்தக் காலம்தான் என் வாழ்க்கையில் நல்ல காலம். தினமும் ஒரு கதவு எனக்காகத் திறந்தது. எனக்காக ஒரு முக்காலி வாங்கிப் போட்டார், மெத்தை வைத்தது. தரையில் உட்கார்ந்து என் முட்டி தேய்கிறதாம். நான் முட்டை அவித்து எடுத்துப் போவேன், இருவரும் உப்பு மிளகு தூவிச் சாப்பிடுவோம். அவர் பழைய பயணிகளைப் போலப் பேசிக் காட்டுவார். சில்லறைக்காகச் சண்டை போடும் கிழவர், டிக்கெட்டைக் காதில் செருகிக்கொண்டு தேடும் பெண்மணி. திங்கள் காலையில் என் குரல் தெளிவாக வந்தது.

புண்ணை மோசமாக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆறவும் கூடாது, பெருகவும் கூடாது. கொஞ்ச நாள் காய்ந்த துணி, கொஞ்ச நாள் ஈரத்துணி, ஓரம் அதிகமாக ஏறிவிட்டால் இடுக்கியால் லேசாக ஒரு சுரண்டல். ஒரு புண்ணை ஒரே அளவில் நிறுத்தி வைப்பது அதை ஆற்றுவதைவிடக் கஷ்டமான வேலை. கைராசி இல்லாதவர்களால் முடியாது.

மழைக்காலம் ஆரம்பித்ததும் அவருக்குக் குளிர் எடுத்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "பஸ்ஸுக்குள்ளயே ஒழுகுதும்மா" என்றார். நெற்றி கொதித்தது. கட்டைப் பிரித்தபோது வாடை வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். எங்கள் வேலையில் யாருக்கும் தெரியும். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், இரண்டாவது யோசனையே கிடையாது. ஆனால் மருத்துவமனையில் சேர்த்தால் அங்கிருக்கும் நர்ஸுகள் கட்டுப் போடுவார்கள். நான் பார்வையாளர் நேரத்தில் பழம் வாங்கிக்கொண்டு போய்க் கட்டில் ஓரம் நிற்க வேண்டும். இன்று பார்க்கலாம், நாளை பார்க்கலாம் என்று இருந்தேன். காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். பருவம் மாறுகிறது, ஊரெல்லாம் இப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் நம்பினார். நம்பாமல் இருக்க அவரிடம் காரணம் இல்லை.

பெருவிரல் கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்கு வந்தது. ஒரு காலை நான் கதவைத் திறந்தபோது அவர் உள்ள போங்க என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "அடுத்த ஸ்டாப் எதுங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அப்போதுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மருத்துவர் வெளியே வந்து சொன்னபோது எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொல்ல வேண்டும் அல்லவா? தையல் ஆற மாதக்கணக்கில் ஆகும் என்று தோன்றியது. அப்புறம்தான் காலைப் பற்றி நினைத்தேன்.

தையல் ஆறும் வரை அவர் இருக்கவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கடைசியாக ஒரு முறை கண் திறந்து என்னைப் பார்த்தார். கை கட்டில் சட்டத்தைத் தேடியது. தட்டவில்லை. ரைட் சொல்லவில்லை. அதனால் நான் கிளம்பவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்தக் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன், துடைக்க வந்த பெண் எழுப்பிவிடும் வரை.

வெளியே அவர் மகள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமாக்கா, என்கூட வந்துடுங்கப்பான்னு. கேக்கவே இல்ல. உன் வீட்டுல வந்து நாலு சுவத்தப் பாத்துட்டு உக்கார்றதுக்கு நர்ஸம்மா தேவல, நர்ஸம்மா தேவலன்னு அதையே சொல்லிட்டிருந்தாரு. புண்ணு ஆறிட்டா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம உங்கள சாப்பிடக் கூப்பிடணும்னாரு. நான் சமைச்சா அந்தப் பொண்ணு சாப்பிடுமான்னு என்கிட்ட கேட்டாருக்கா."

தேவலை என்ற சொல்லுக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தம் இருக்கிறது. இதற்கு அது மேல் என்ற அர்த்தம். அது எனக்கும் தெரிந்ததுதான். நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இந்தக் கடைக்கு அந்தக் கடை தேவலை என்று. என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் நினைவுக்கு வரவில்லை.

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. யாருமே சந்தேகப்படவில்லை. அறக்கட்டளையில் இரங்கல் கூட்டம் போட்டு, கடைசி வரை கூட இருந்தவர் என்று என்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள். நானாகத்தான் இங்கே வந்தேன். வெளியே நிற்கும் காவலர் அம்மா, வேலியே பயிரை மேய்ந்த கதை என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. தப்பாகச் சொல்கிறார். மேய வேண்டும் என்ற ஆசை வேலிக்குக் கிடையாது. அறுவடை ஆகிவிட்டால் வேலியைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான்.

நேற்று சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பேச்சைக் கேட்டதால்தான் செய்தேன் என்று நேற்றும் சொன்னேன், இன்றும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். காது தவறாகக் கேட்டது, கை தவறு செய்தது என்றால் யாருக்கும் பாவமாக இருக்கும். ஆனால் காய்ந்த துணியை முதன்முதலில் வைத்தது அன்றைக்கு இல்லை. அதற்கு முன்பே. ஆறினாலும் சும்மா வந்துட்டுப் போ என்று சொன்னாரே, அதற்கு அடுத்த தடவை போனபோது.

அவர் நிஜமாகவே சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும். சும்மா வா என்றால் எப்போது வருவது? எவ்வளவு நேரம் உட்காருவது? கையை எங்கே வைத்துக்கொள்வது? புண்ணுக்கு ஒரு நேரம் உண்டு, ஒரு பை உண்டு, பிரிப்பதும் கட்டுவதும் உண்டு. சும்மாவுக்கு ஒன்றும் கிடையாது. சும்மா போனால், ஒரு நாள் அவருக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். காலில் புண் இருக்கிறவனுக்கு அந்த வசதி இல்லை. எனவே நான்தான் அவரைக் கொன்றேன். அவர் என்னை வரவேற்றதற்காகக் கொன்றேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், வார்த்தை மாற்ற வேண்டாம்.

எழுதிவிட்டீர்களா? பேனாவை மூட வேண்டாம். பெரியம்மா வீட்டு வாசலோடு திரும்பி வந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது முதல் தடவை போனபோது. அவருக்கு மறுபடியும் புண் வந்தது. எப்படி வந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அதற்கும் முன்னால் வேறு சில வீடுகள் இருந்தன. அவற்றை நாளைக்குச் சொல்கிறேன். எல்லாவற்றையும் இன்றே முடித்துவிட்டால் நீங்கள் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.